ரெண்டு டம்ளர் தண்ணீர்

"நல்லா தண்ணி ஆகாரமா கொடுங்கம்மா."

நோய்ப்பட்ட கைக்குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது அந்த அம்மாவின் காதில் விழுகிற கடைசி வாக்கியம் பல நேரம் இதுதான். பில் கட்டியாச்சு. ஆட்டோ வாசலில் நிற்கிறது. மாமியார் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார். கையில் இருக்கிற சீட்டில் ஒவ்வொரு மருந்துக்கும் கணக்கு இருக்கிறது. இது 1.5 மி.லி. காலை, இரவு. அது 5 சொட்டு, ஒரு வேளை மட்டும். ஆனால் தண்ணீருக்கு மட்டும் "நல்லா". நல்லா என்றால் எவ்வளவு? ஒரு சங்கா, நாலு சங்கா? எந்தத் தண்ணீர்? எத்தனை மணிக்கு ஒரு தரம்? கேட்கவும் கூச்சம். பின்னால் பத்து பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

அந்த "நல்லா" என்ற வார்த்தையை டிஸ்சார்ஜ் சீட்டிலிருந்து ஒழிக்க வேண்டும், அந்த இடத்தில் ஒரு எண் வர வேண்டும். இந்தக் கட்டுரையின் கட்சி அவ்வளவுதான். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் கணக்கு. (கணக்கு என்றதும் ஓடுகிறவர்கள் காமர்ஸ் வகுப்பிலேயே பாதிப் பேர். இது சின்னக் கணக்குதான், பயப்பட வேண்டாம்!) 5 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் தேவைப்படும் திரவம் சுமார் 500 மி.லி. கிலோவுக்கு 100 மி.லி. என்ற இந்தக் கணக்கை 1957-ல் ஹாலிடே, சீகர் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் எழுதி வைத்தார்கள். குழந்தைகள் வார்டில் இன்றும் இதிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். அதே குழந்தை தன் எடையில் பத்தில் ஒரு பங்கு நீரை இழந்தால் அது கடுமையான நீரிழப்பு, உயிருக்கே ஆபத்து. பத்தில் ஒரு பங்கு என்றால் அரை லிட்டர். அதாவது ரெண்டு டம்ளர் தண்ணீர்.

கல்லூரி மைதானத்தில் ஒரு மணி நேரம் கிரிக்கெட் ஆடுகிற பையனுக்கு ரெண்டு டம்ளர் வேர்வையாகவே போய்விடும். கடையில் ஒரு சோடா குடித்துவிட்டு அடுத்த ஓவருக்கு வந்துவிடுவான். பெரிய கம்பெனிக்கு ஒரு நாள் நஷ்டம் ஒரு வரிக் கணக்கு. பெட்டிக்கடைக்காரருக்கு அதே தொகை கல்லாப்பெட்டி காலி. குழந்தையின் உடம்பு அந்தப் பெட்டிக்கடை. எடையோடு ஒப்பிட்டால் அதன் தோலின் பரப்பு பெரிசு. மூச்சு வேகமாக ஓடுகிறது, அதிலும் ஈரம் போகிறது. சிறுநீரகம் இன்னும் முழுசாகப் பழகவில்லை. பெரியவர்களின் சிறுநீரகம் பஞ்ச காலத்தில் நீரைப் பிடித்து வைப்பது போல அதனால் வைக்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேல், தாகம் எடுக்கிறது என்று சொல்ல அதற்கு வாய் வரவில்லை.

இது சாதாரணக் குழந்தையின் கதை. குறைமாதத்தில் பிறந்து ரெண்டு கிலோகூட இல்லாமல் வீட்டுக்கு வந்த குழந்தை, இதயத்தில் ஓட்டையோடு ஆபரேஷனுக்கு எடை ஏறக் காத்திருக்கிற குழந்தை, மூக்குக் குழாய் வழியாகப் பால் இறங்குகிற குழந்தை, இவர்களுடைய கதை வேறு. இதயக் கோளாறு உள்ள குழந்தைக்குப் பால் குடிப்பதே மலை ஏறுகிற வேலை. நாலு தரம் உறிஞ்சும், நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நிற்கும், அசந்து தூங்கிவிடும். அப்படியானால் கூடக் கூடக் கொடுத்துவிடலாமா என்றால் அதுவும் முடியாது. அளவுக்கு மேல் நீர் சேர்ந்தால் நுரையீரலில் கோர்த்துக்கொண்டு மூச்சு வாங்கும். அதற்காகவே பல குழந்தைகளுக்கு நீர் பிரியும் மருந்து எழுதியிருப்பார்கள். அந்தக் குழந்தைக்கே நாளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால்? மேலிருந்து மருந்து நீரை வெளியேற்றும், கீழே கழிச்சலும் வெளியேற்றும். அன்றைக்கு அந்த மருந்தைத் தொடரலாமா என்று உடனே டாக்டரைக் கேட்க வேண்டும் என்பதே எத்தனை வீடுகளுக்குத் தெரியும்?

கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்று ரெண்டு பக்கமும் சுவர் வைத்த சந்தில் போகிற ஒரு அம்மாவிடம் "நல்லா கொடுங்க" என்று சொல்வது ஆலோசனையே இல்லை. பொறுப்பைக் கை கழுவுவதற்கு அது ஒரு மரியாதையான வழி.

அளவு சொல்லப்படாத இடத்தில் என்ன நடக்கும்? ஆளாளுக்கு ஒரு அளவு சொல்வார்கள். பக்கத்து வீட்டு அக்கா பார்லித் தண்ணீர் என்பார். பெரியம்மா சர்க்கரைத் தண்ணீர் என்பார். "பல் முளைக்குது, அதான் கழியுது, தானா நிக்கும்" என்று ஒருவர். "பாலை நிறுத்து, பால்தான் ஒத்துக்கல" என்று இன்னொருவர். எல்லாரும் பாசத்தில்தான் சொல்கிறார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குத் தண்ணி ஆகாரம் என்றால் தாய்ப்பால்தான். அதில் கிட்டத்தட்ட 88 சதவீதம் தண்ணீரே! வெயில் காலமானாலும் தனியாகத் தண்ணீர் வேண்டியதில்லை. வெறும் தண்ணீரை நிறைய ஊற்றினால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப் போய் வலிப்புகூட வரலாம். வயிற்றுப்போக்கின்போது பாலை நிறுத்துவதோ, இருக்கிற ஒரே வரவையும் அடைப்பது. செலவு மட்டும் ஓடும்.

பாட்டிகளைக் கிண்டல் செய்வது சுலபம். ஆனால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். "உச்சிக்குழி விழுந்திருக்கு, சீர் தட்டியிருக்கு" என்று குழந்தையின் தலையைத் தடவிப் பார்த்துச் சொல்கிற பாட்டி, மருத்துவப் புத்தகத்தில் உள்ள ஒரு அடையாளத்தைத்தான் சொல்கிறார். உச்சிக்குழி உள்வாங்குவது நீரிழப்பின் அறிகுறி. பாட்டியின் கண்ணில் பிழையில்லை, போகிற இடத்தில்தான் பிழை. மந்திரிக்கப் போய்விட்டு வருகிற ரெண்டு மணி நேரத்தில் போகிற தண்ணீர் திரும்பாது. பாட்டி சொன்னதும் மருமகள் கண்ணை உருட்டாமல், "எப்போலேர்ந்து இப்படி இருக்கு அத்தை? கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போச்சு?" என்று கேட்டால் அந்த வீட்டில் நல்ல நர்ஸ் ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார் என்று தெரியும்.

இப்போது ஓ.ஆர்.எஸ். விஷயத்துக்கு வருவோம். 1971. வங்கதேசப் போர். எல்லை தாண்டி லட்சக்கணக்கில் அகதிகள். மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் காலரா. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருக்கிறது. திலீப் மஹலனாபிஸ் என்ற குழந்தை மருத்துவர், லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், மூன்றரை கிராம் உப்பு, இரண்டரை கிராம் சோடா உப்பு என்று கலந்து, குழாய் வைத்த டிரம்களில் நிரப்பி, நோயாளியின் சொந்தக்காரர்கள் கையிலேயே கொடுத்துவிட்டார். நர்ஸ் கிடையாது, ஊசி கிடையாது. அம்மா, அண்ணன், மாமன், யார் இருக்கிறார்களோ அவர்கள் ஊட்டினார்கள். 30 சதவீதம் வரை இருந்த சாவு அந்த முகாமில் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அவர் 2022-ல் காலமானார். பத்ம விபூஷண் அதற்குப் பிறகு 2023-ல்தான் வந்தது. ஹ்ம்ம்.

இந்தக் கதையை எல்லாரும் ஒரு விஞ்ஞான வெற்றியாகச் சொல்வார்கள். குடலில் உப்பும் சர்க்கரையும் கை கோர்த்துக்கொண்டு உள்ளே போகும்போது தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது, அந்தச் சூட்சுமம்தான் காரணம் என்பது உண்மையே. ஆனால் பன்காவில் நிரூபணமானது இன்னொன்றும் உண்டு. அளவு சரியாகக் கையில் கொடுக்கப்பட்டால், படிக்காத சொந்தக்காரர் ஒருவர் ஆஸ்பத்திரி செய்கிற வேலையைச் செய்ய முடியும். அளவுதான் அங்கே மருந்து.

அதைப் பிடித்துக்கொண்டது வங்கதேசத்தின் பிராக் என்ற அமைப்பு. 1980-லிருந்து 1990 வரை அதன் பெண் பணியாளர்கள் வீடு வீடாக நடந்தார்கள். மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். துண்டுப் பிரசுரம் கொடுத்துவிட்டுப் போகிற வேலையெல்லாம் இல்லை. வீட்டுக்காரம்மாவே தன் கையால் கலந்து காட்ட வேண்டும். காமர்ஸ் படிக்கிறவர்கள் உட்கார்ந்து கேட்க வேண்டிய இடம் இனிமேல்தான். அந்தப் பணியாளருக்குச் சம்பளம் எத்தனை வீடு போனார் என்பதை வைத்து இல்லை! பிறகு வேறொருவர் போய்ச் சில வீடுகளில் சோதிப்பார். அம்மாவுக்கு எத்தனை விஷயம் ஞாபகம் இருக்கிறதோ அதைப் பொறுத்துச் சம்பளம். சொல்லிக்கொடுத்ததற்குக் கூலி கிடையாது, புரிந்ததற்குத்தான் கூலி. இன்சென்டிவ் என்று மூன்று செமஸ்டர் படிக்கிற விஷயத்தை ஒரு சிட்டிகை உப்பில் செய்து காட்டினார்கள். சுமார் 1 கோடியே 20 லட்சம் வீடுகளுக்குப் போனார்கள்.

ஆரம்பத்தில் சறுக்கலும் இருந்தது. கற்றுக்கொண்ட அம்மாக்கள் பலர் வீட்டில் அதைப் பயன்படுத்தவில்லை. ஏன் என்று தோண்டினால், சொல்லிக்கொடுத்த பணியாளர்களில் பலருக்கே அதில் நம்பிக்கை இல்லை. அவர்களுக்கு முதலில் நம்பிக்கை வரவைத்து, அதற்குப் பிறகு அவர்களே வீட்டுக்காரர்கள் முன்னால் அந்தக் கரைசலைக் குடித்துக் காட்டினார்கள். ஆண்களை விட்டுவிட்டதும் தப்பு என்று தெரிந்து அவர்களையும் கூட்டி உட்காரவைத்துப் பேசினார்கள்.

இந்தியாவில் நிலைமை? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி வயிற்றுப்போக்கு வந்த ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஓ.ஆர்.எஸ். கிடைத்தது சுமார் 60 சதவீதம் பேருக்கு. துத்தநாக மருந்து கிடைத்தது அதில் பாதி அளவுக்கு. பாக்கெட் விலை சில ரூபாய். அரசு மருத்துவமனையில் இலவசம். அப்படியும் பத்தில் நாலு பேருக்குப் போய்ச் சேரவில்லை.

போய்ச் சேர்ந்த இடத்திலும் கலப்பதில் கோளாறு. பாக்கெட் ரெண்டு சைஸில் வருகிறது. ஒன்று ஒரு லிட்டருக்கு, இன்னொன்று 200 மி.லி.க்கு. லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டினால் ஐந்து மடங்கு உப்பு. நோஞ்சான் குழந்தைக்கு அது மருந்தில்லை, விஷம். "கொஞ்சூண்டுதானே குடிக்குது" என்று பாக்கெட்டில் பாதியைக் குத்துமதிப்பாகப் போட்டுக் கலப்பதும் அதே கதைதான், தூளில் உப்பும் சர்க்கரையும் சமமாகப் பிரிந்திருக்கும் என்று யார் சொன்னது? முழுப் பாக்கெட், சொன்ன அளவுத் தண்ணீர், கொதித்து ஆறியது, 24 மணி நேரம் தாண்டினால் கீழே கொட்டிவிட வேண்டியதுதான். மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை.

இந்தக் குழப்பம் போதாதென்று ஒரு வியாபாரம் வேறு நடந்தது. மெடிக்கலில் போய் "ஓ.ஆர்.எஸ். கொடுங்க" என்றால் அழகான டெட்ரா பேக் ஒன்று கையில் வரும். ஆப்பிள் வாசனை, ஆரஞ்சு வாசனை. பெயரில் அந்த மூன்று எழுத்தும் இருக்கும். இது உலக சுகாதார நிறுவனம் சொன்ன கலவை இல்லை என்று ஓரமாகச் சின்னதாக அச்சடித்திருக்கும். அந்த நிறுவனத்தின் கலவையில் லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம். இந்தப் பானங்களில் சர்க்கரை அதைப்போலப் பல மடங்கு. சர்க்கரை கூடினால் குடல் உள்ளே இழுப்பதற்குப் பதில் உடம்பிலிருந்தே தண்ணீரை வெளியே வாங்கும், கழிச்சல் இன்னும் கூடும். ஐதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் எட்டு வருஷம் இதற்கு எதிராகக் கத்திக்கொண்டிருந்தார், நீதிமன்றமும் போனார். 2022-லும் 2024-லும் அந்த எச்சரிக்கை வரியை மட்டும் போட்டால் போதும் என்று விட்டுவைத்திருந்த எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ., கடைசியில் 2025 அக்டோபர் 14 அன்று அந்த அனுமதியைத் திரும்பப் பெற்று, எந்த உணவுப் பொருளின் பெயரிலும் ஓ.ஆர்.எஸ். என்று வரக் கூடாது என்று சொன்னது. கம்பெனிகள் டில்லி உயர் நீதிமன்றத்துக்கு ஓடின. சந்தை ஆராய்ச்சிக்கு அத்தனை செலவு செய்கிறவர்களுக்கு, ராத்திரி பத்து மணிக்குக் கைக்குழந்தையோடு மெடிக்கல் வாசலில் நிற்கிற ஆள் சின்ன எழுத்தைப் படிக்க மாட்டார் என்று மட்டும் தெரியாதா?

சரி, சரியான பாக்கெட் வந்தாச்சு, சரியாகக் கலந்தாச்சு. இப்போதுதான் உண்மையான வேலை ஆரம்பம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, ஓரளவு நீரிழப்பு ஏற்பட்ட குழந்தைக்கு முதல் நாலு மணி நேரத்தில் கிலோவுக்கு 75 மி.லி. அந்த 5 கிலோ குழந்தைக்கு 375 மி.லி. டீஸ்பூன் 5 மி.லி. என்று வைத்தால் 75 ஸ்பூன். நாலு மணி நேரத்துக்கு 75 ஸ்பூன் என்றால் மூன்று நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு ஸ்பூன். புட்டியில் ஊற்றி மொத்தமாகக் கொடுத்தால் வாந்தியாக வெளியே வரும். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, இன்னும் மெதுவாக மறுபடி. நடுநடுவே தாய்ப்பாலும் உண்டு. இதைச் செய்து பார்த்தால்தான் தெரியும், தாய்க்குக் கை வலிக்கும், முதுகு வலிக்கும், எத்தனையாவது ஸ்பூன் என்று எண்ணிக்கை தப்பும். காலண்டர் பின்பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டே வருவதுதான் வழி.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன எண் பொதுக் கணக்கு. முன்பு சொன்ன குறைமாதக் குழந்தைக்கும், இதயக் குழந்தைக்கும், எலும்பும் தோலுமாக இருக்கிற சத்துக்குறைவுக் குழந்தைக்கும் இது பொருந்தாது. அவர்களுக்கான எண்ணை அவர்களுடைய டாக்டர்தான் போட வேண்டும். ரெண்டு மாதம்கூட ஆகாத குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் வீட்டில் வைத்துப் பார்க்கிற பேச்சே இல்லை. பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது, அழுதால் கண்ணீர் வராதது, கண் உள்ளே போவது, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்புவது, ஆறு மணி நேரமாக நாப்பி நனையாதது, இதில் எதைப் பார்த்தாலும் 108-தான்.

நாப்பி என்றதும் ஞாபகம் வருகிறது. வீட்டுக் கணக்கில் செலவுப் பக்கம் எழுதுவதற்கு நாப்பியைப் போல நல்ல ஆதாரம் கிடையாது. காய்ந்த நாப்பியை ஒருமுறை சமையல் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொண்டு, நனைந்ததை வைத்துப் பார்த்தால் கூடுகிற ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய ஒரு மி.லி. ஆஸ்பத்திரி வார்டில் செய்வதும் இதைத்தான். வரவில் ஸ்பூன், செலவில் நாப்பி. பத்தாம் கிளாஸ் படித்த எந்த அக்காவும் எழுதக்கூடிய ரொக்கப் புத்தகம் இது. மறுநாள் டாக்டரிடம் "ஏதோ குடிச்சான் டாக்டர்" என்று சொல்வதற்குப் பதில் அந்தத் தாளை நீட்டினால் அவரும் அசந்துபோவார்.

இதற்கெல்லாம் பெரிய திட்டம், நிதி, விழா எதுவும் வேண்டியதில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் கூடுதலாக நாலு வரி இருந்தால் போதும். இந்தக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு மி.லி., இதைத் தாண்டக் கூடாது. வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்தால் இவ்வளவு கூடுதல், அல்லது கூட்டாமல் நேரே இங்கே வரவும். இந்த மருந்தை அன்றைக்கு நிறுத்தவும், அல்லது தொடரவும். இத்தனை மணி நேரம் ஒண்ணுக்குப் போகவில்லை என்றால் கிளம்பவும். எழுதி முடித்ததும் நர்ஸ் அதைப் படித்துக்காட்டுவதோடு விடக் கூடாது. அம்மா திருப்பிச் சொல்ல வேண்டும், 5 மி.லி. சிரிஞ்சில் அளந்து காட்ட வேண்டும். அவசரமாக ஆட்டோ பிடிக்கப் போன அப்பாவையும் கூப்பிட்டு உட்காரவைத்து அவரும் அளந்து காட்டட்டும். பிராக்கின் பாடம் அதுதானே. ராத்திரி ஸ்பூன் ஷிஃப்டில் பாதி அவருடையது. அந்த மூன்று மணி அலாரம் அவர் செல்லில்தான் அடிக்க வேண்டும்.

நேரமில்லை என்பார்கள். அரசு மருத்துவமனையில் ஒரு நர்ஸுக்கு எத்தனை குழந்தை என்று பார்த்தால் அந்தப் பதிலிலும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தக் குழந்தை மூன்றாம் நாள் ராத்திரி துவண்டுபோய்த் திரும்பி வந்தால், கிடைக்காத நரம்பைத் தேடி ஊசி குத்துவதற்கு அதே நர்ஸுக்குத்தான் முக்கால் மணி நேரம் ஆகப்போகிறது. வரவு செலவு பார்த்தால்கூட முதல் பத்து நிமிஷம் மலிவு.

சீட்டின் அடியில் ஒரு போன் நம்பரும் வேண்டும். "சந்தேகம் இருந்தால் அழைக்கவும்" என்று அச்சடித்த அந்த நம்பரை ராத்திரி ரெண்டு மணிக்கு யாராவது எடுக்க வேண்டும். அம்மா கிளம்புவதற்கு முன்னால், அவர் போனிலிருந்தே ஒரு தரம் அடித்துப் பார்த்துவிட்டு அனுப்பலாம்.